புள்ளி

கண்டனூரில் எங்கள் வளவுக்கு நடுவே
வானம் சதுரமாக இறங்கும்.
பத்தரை மணிக்கு மேல்
தூண் நிழல் விலகிய இடத்தில்
சிகப்பியை எண்ணெய் தேய்த்துப் படுக்கப் போடுவேன்.
"நல்லா வெயில் காட்டுங்க ஆச்சி"
என்றிருந்தார் காரைக்குடி டாக்டர்.
காட்டினேன்.
பிள்ளை மாவற்றலாகக் கறுத்தாள்.
கால் மட்டும் நிமிரவில்லை.

இருபது மாதம்.
எழுந்து நின்றால் முட்டிகளுக்கு நடுவில்
ஒரு சொம்பு நுழையும்.

பிறகு ஊசி. ஆறு லட்சம் யூனிட்.
மூன்று மாதம் கழித்து இன்னொரு ஆறு.
வட்டிக்கணக்குக் கேட்டு வளர்ந்தவள் நான்,
உள்ளே போன தொகை
எந்தப் பற்றில் நிற்கிறது என்று கேட்டேன்.
மதுரையில் ரத்தம் எடுத்தவர் ஏதோ விளக்கினார்.
எனக்குக் கேட்டது இது:
இருப்பு ஏராளம். செலாவணி இல்லை.

வெயில் பட்டதும் தோல் எழுதுவது
ஓர் உண்டியல்.
கல்லீரல் முதல் கையெழுத்து.
சிறுநீரகம் இரண்டாவது.
இரண்டும் விழுந்தால்தான் குடல் கதவு திறந்து
சுண்ணாம்பை உள்ளே விடும்.
எங்கள் சுவர் குடித்த சுண்ணாம்புக்குக் கணக்கில்லை;
அவள் எலும்புக்கு ஒரு கரண்டி போய்ச் சேரவில்லை.
இரண்டாம் கையெழுத்துக்காரன்
பேனா பிடிக்கத் தெரியாமலே
வேலைக்கு வந்திருக்கிறான்.

பன்னிரண்டாம் குரோமோசோமில்
ஓர் எழுத்து பிசகு என்றார்கள்.
'கால்' என்று எழுத வந்த கை
புள்ளி வைக்க மறந்து
'கால' என்று நின்றுவிட்டது போல.

ஒரு பிரதி பிசகினால் மற்றது சமாளிக்கும்.
எனக்கு ஒன்று பிசகு, சேவுகனுக்கும் ஒன்று.
இருவரும் நேராகத்தான் நடக்கிறோம்.
நேராக நடந்து போய்த்தான் மாலை மாற்றினோம்.

சேவுகன் என் அயித்தை மகன்.
கோவில் பார்த்தார்கள். நாங்கள் மாத்தூர்,
அவர்கள் வைரவன்கோவில்; தடையில்லை.
கோவில் அப்பச்சி வழியில் வரும்.
இது கிடைத்த வழியில் வரும்.
இசைகுடிமானத்தில் இரண்டு தகப்பன்மார்
கையெழுத்துப் போட்டார்கள்.
ஊர்க்கணக்கில் நாங்கள் ஒரு புள்ளி ஆனோம்,
வரி கட்டி ரசீதும் வாங்கினோம்.
விடுபட்ட புள்ளியை
யார் எந்த ஏட்டில் பார்ப்பார்கள்?

மூன்று நாள் அயித்தை பேசவில்லை.
நான்காம் நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே,
"உங்க பக்கமா, எங்க பக்கமா?"
"அப்பச்சியும் நீங்களும் ஒரே பக்கம்தானே அயித்தே."
அவர் இன்னொரு வெங்காயம் எடுத்தார்.

இப்போது ஒரு மாத்திரை,
இரண்டு கையெழுத்தும் போட்டே வருவது.
கால் மைக்ரோகிராம்.
காலுக்குக் கால் என்று சிரித்தான் சேவுகன்,
பிறகு வெகுநேரம் சிரிக்கவில்லை.
காரைக்குடியில் இருப்பு இல்லாத வாரம்
திருச்சிக்கு பைக்கில் போய் வந்தான்.
ஆயுளுக்கும் என்பதை
இன்னும் மாதக்கணக்கில்தான் சொல்லிக்கொள்கிறோம்.

அடுத்த பிள்ளை?
நாலில் ஒன்று என்றாள் ஆலோசனைக்காரப் பெண்.
ஒன்று விழுந்துவிட்டதே,
மீதி மூன்றும் நல்லதுதானே என்று கேட்டேன்.
இல்லையாம்.
தாயக்கட்டைக்குப் போன ஆட்டம் ஞாபகமிருக்காதாம்.

நேற்றுப் புது எக்ஸ்ரே வந்தது.
வளவில் நின்று வெயிலுக்கு நேரே பிடித்தான்.
முன்பு தேய்ந்த விளக்குமாறு போலப் பிரிந்திருந்த எலும்பு முனையில்
ஒரு வெள்ளைக் கோடு.
மெல்லியது. யாரோ பென்சிலால் தொட்டுப் பார்த்தது போல.
நான் கோட்டைப் பார்த்தேனா,
அதன் பின்னால் இருந்த வெயிலையா, தெரியவில்லை.
அதற்குள் சிகப்பி படத்தைப் பிடுங்கிக்கொண்டு
ஆத்தங்குடிக் கல்லில் ஓடுகிறாள்,
இன்னும் கொஞ்சம் வளைவாகத்தான்.